அளவுகள் இயல்பு, விலங்கு நலம்

ஒரு சிறுத்தை நலமாக இருக்கிறது என்று சொல்ல எங்கள் நாட்டில் அறுபத்திரண்டு அளவுகள் தேவை. அது மூச்சு விடுவது அந்தப் பட்டியலில் இல்லை.

பட்டியலைத் தயாரித்தது காட்டுப் பூனையினங்களின் எலும்பு அளவியல் நடுவம். தெஹ்ரானில் ஐந்து மாடிக் கட்டடம். நான் அங்கிருந்து எண்ணூறு கிலோமீட்டர் தள்ளி, பொஜ்னூர்துக்கு வடக்கே, ஸர்தகூ சரணாலயத்தில் வனக்காவலன். பெயர் ரூஸ்பே. மஷ்ஹதில் உயிரியல் படித்தேன். சரணாலயத்தின் பரப்பு முப்பதாயிரம் ஹெக்டேர். காவலர்கள் இரண்டு பேர், நானும் நோவ்ரூஸும். எங்களுக்கு ஒரு மோட்டார் சைக்கிள் உண்டு. ஜீப்பும் உண்டு, அதற்கு பேட்டரி இல்லை.

முன்பெல்லாம் மாதக் கடைசியில் ஓர் அறிக்கை அனுப்புவோம். ‘பெண் சிறுத்தை ஒன்று ஓடைப் பக்கம் காணப்பட்டது. நன்றாக நடக்கிறது. இரை பிடித்திருக்கிறது.’ அவ்வளவுதான். போன வருடம் சுற்றறிக்கை எண் நூற்றுப் பதினான்கு வந்தது. இனிமேல் ‘நன்றாக’ என்ற சொல்லை அறிக்கையில் பயன்படுத்தக் கூடாது. மில்லிமீட்டரில் எழுத வேண்டும்.

வசந்தத்தில் பயிற்சிக்குக் கூப்பிட்டார்கள். நாடெங்கும் இருந்து நாற்பது காவலர்கள் வந்திருந்தார்கள். பயிற்சிக்குச் சிறுத்தை கிடைக்கவில்லை. ஆட்டுக்கால் கிடைத்தது. ஆளுக்கு ஒரு கால், ஒரு வெர்னியர் அளவி. காலை முழுவதும் அளந்தோம். மதியம் அதே கால்களைக் கொண்டைக்கடலையோடு வேகவைத்து ஆப்கூஷ்த் ஆக்கிப் போட்டார்கள். நாங்கள் எலும்பைத் தட்டி மஜ்ஜையை ரொட்டியில் இறக்கிக்கொண்டிருந்தபோது நடுவத்தின் இயக்குநர் டாக்டர் முஷீர்நெஜாத் எழுந்தார். வெள்ளைத் தாடி, நன்றாக இஸ்திரி போட்ட கோட்டு. எலும்பு தட்டும் சத்தம் நிற்கும்வரை காத்திருந்தார்.

"அன்பர்களே! இத்தனை வருஷமா நீங்க என்ன எழுதினீங்க? சிறுத்தை நடந்து போச்சு, நல்லா இருக்குன்னு எழுதினீங்க. நடைங்கிறது உங்க அபிப்பிராயம். எலும்புதான் ஆதாரம். உங்க கண்ணுல மில்லிமீட்டர் கோடு போட்டிருக்கா? இல்லையே! அப்புறம் எந்தத் தைரியத்துல பார்க்கறீங்க?"

கைதட்டினோம். நோவ்ரூஸ் கையைத் தூக்கினான். அவன் மலைக்காரன், குர்மாஞ்சி பேசும் குர்து. யாரிடமும் எதையும் கேட்டுவிடுவான்.

"டாக்டர், அளக்கணும்னா அதைப் பிடிக்கணும். பிடிச்சா அதுக்கு ஏதாவது ஆயிடாதா?"

"ஆகலாம்" என்றார் டாக்டர். "ஆனா என்ன ஆச்சுங்கிறது துல்லியமாத் தெரிஞ்சிடும்."

சாப்பாட்டுக்குப் பிறகு இதயப் பாடம். நெஞ்சை எக்ஸ்ரே எடுத்து, இதயத்தின் நீள அகலத்தை அந்த விலங்கின் சொந்த முதுகு முள்ளெலும்பால் அளக்க வேண்டும். இத்தனை முள்ளெலும்பு நீளம் என்று ஓர் எண் வரும். அட்டவணைக்குள் விழுந்தால் ‘இயல்பு’ என்று எழுத வேண்டும்.

அந்தச் சொல் எனக்குப் பழக்கமானது. முந்தின இலையுதிர்காலத்தில் நகர மருத்துவமனையில் பரஸ்தூவின் நெஞ்சுப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஒரு மருத்துவர் அளவுகோல் வைத்தார். உறையின் மேல் ‘இயல்பு’ என்று எழுதினார். ஒன்பதாம் நாள் இறந்தாள். என் மனைவி. இருபத்தெட்டு வயது.

பயிற்சியில் எனக்குத் தொண்ணூற்றாறு மதிப்பெண்.

ஊருக்குத் திரும்பியதும் இலக்கு வந்தது. ஸர்தகூவில் வருடத்துக்குப் பன்னிரண்டு சிறுத்தைகளை அளக்க வேண்டும். ஸர்தகூவில் இருந்தவை மூன்று. அதை எழுதினேன். ‘மீதி ஒன்பது ஏன் ஒத்துழைக்கவில்லை என்று விளக்கவும்’ என்று பதில் வந்தது.

இன்னொரு கடிதமும் எழுதினேன். அது முக்கியமானது என்று நினைத்தேன். மலையடிவாரத்தில் திராட்சைத் தோட்டங்கள் இருக்கின்றன. காட்டுப்பன்றி வருகிறது என்று தோட்டக்காரர்கள் கண்ணி வைக்கிறார்கள். மோட்டார் சைக்கிளின் கிளட்ச் கம்பிதான் கண்ணி. பன்றியை மட்டும் பார்த்து மாட்ட அதற்குத் தெரியாது. ஒரே மாதத்தில் நாற்பத்தொரு கண்ணி எடுத்தோம். சிலவற்றைக் கையால் பிரிக்க முடியவில்லை. கம்பி வெட்டும் கத்தரி இரண்டு, ஜீப்புக்கு ஒரு பேட்டரி, இவை வந்தால் சிறுத்தைகள் பிழைக்கும் என்று எழுதினேன்.

பதில் இருபது நாளில் வந்தது. கண்ணி எலும்பு அல்ல, ஆகவே நடுவத்தின் வரம்பில் வராது. இருந்தாலும் காவலரின் ஆர்வத்தைப் பாராட்டி ஒரு வெர்னியர் அளவி அனுப்புகிறோம். கண்ணிக் கம்பிகளின் தடிமனை அளந்து அனுப்பவும்.

அளந்தேன். இரண்டரை மில்லிமீட்டர். நாற்பத்தொன்றும் இரண்டரை மில்லிமீட்டர். அனுப்பினேன். ‘அளவுகள் இயல்பு’ என்று ரசீது வந்தது.

நோவ்ரூஸ் அந்த வெர்னியரை வாங்கிப் புரட்டிப் பார்த்தான். "இதால வெட்ட முடியுமா, படிச்சவனே?"

"முடியாது."

"அப்ப இதை வெச்சு என்னதான் பண்றது?"

"அளக்கலாம்."

"சரி, நம்ம தலையெழுத்து எத்தனை மில்லின்னு பாரு" என்று சொல்லி மேசை மேல் போட்டான்.

மூன்று சிறுத்தைகளில் ஒன்றின் பெயர் மர்ஜான். வலது தோளில் லாடம் போல ஒரு புள்ளி. பெயர் வைத்தது பரஸ்தூ. மலையில் நாங்கள் கட்டி வைத்திருந்த கேமராக்களின் படங்களை வீட்டில் உட்கார்ந்து அவள்தான் பிரிப்பாள். ஆயிரம் ஆடு, முந்நூறு நரி, ஒரு மர்ஜான். வந்தால் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்து சொல்வாள். அவள் போன பிறகு படங்களை நான் பார்க்கிறேன். ஓடிப்போய்ச் சொல்ல ஆள் இல்லை.

இலையுதிர்காலத் தொடக்கத்தில், மெஹர் மாதத்தில், ஒரு புதன்கிழமை காலை, திராட்சைத் தோட்டத்துக்கு மேலே, மர்ஜான் கண்ணியில் கிடந்தது. இடது முன்கால். கம்பி மணிக்கட்டுக்கு மேலே இறங்கியிருந்தது. சுற்றி மண் எல்லாம் உழுதது போல இருந்தது.

டாக்டர் மஹ்லகாவைக் கூட்டி வந்தேன். எங்கள் பக்கத்து ஆடு மாடுகளுக்கு அவர்தான் வைத்தியர். ஐம்பது வயதுப் பெண்மணி. சேறு பட்ட ரப்பர் பூட்ஸ். தூரத்திலிருந்து மயக்க ஊசியைச் சுட்டார். கம்பியை நோவ்ரூஸ் கொண்டுவந்த பழைய இடுக்கியால் திருகித் திருகி அறுத்தோம். காயத்தைக் கழுவினார், மருந்து போட்டார், பாதத்தை அழுத்திப் பார்த்தார்.

"தப்பிச்சுது. ரத்தம் ஓடுது. இப்பவே மயக்கம் தெளிய மாற்று ஊசி போட்டு இங்கேயே விட்டுடலாம். பத்து நாள் நொண்டும். அப்புறம் உன்னையே துரத்தும்."

"இவன்கிட்டக் கேளுங்க, டாக்டர். இவன் சுற்றறிக்கை படிக்கிறவன்" என்றான் நோவ்ரூஸ்.

நான் போனில் நடுவத்துக்குத் தகவல் சொல்லியிருந்தேன். கைக்குக் கிடைத்த விலங்கை உடனே தெரிவிக்க வேண்டும் என்பது விதி. நடுவத்தின் இஞ்சினியர் கல்பாஸி திரும்ப அழைத்தார். அளவிப் பெட்டியின் சாவி அவரிடம்தான் இருக்கிறது.

"விட்டுடாதீங்க! அளக்காத சிறுத்தையை விடறது அரசுச் சொத்தை அழிக்கிறதுக்குச் சமம். கேஸ் ஆகும். வேலை போகும்."

"காயம் பட்டிருக்கு, இஞ்சினியர்."

"எலும்பு உடைஞ்சிருக்கா?"

"இல்லை."

"அப்ப அது காயமே இல்லை. நாளைக்கு நாங்க வந்துடறோம், இன்ஷா அல்லாஹ்."

டாக்டர் மஹ்லகா என்னைப் பார்த்தார். கையில் மாற்று ஊசி தயாராக இருந்தது.

"நீ மஷ்ஹத்ல படிச்சது உயிரியலா, தபாலா?"

ஆடு ஏற்றும் இரும்புக் கூண்டைக் கொண்டுவரச் சொன்னேன். அதைச் சொன்னது நான்தான். வேறு யாரும் இல்லை.

நாளை என்பது வியாழன். வியாழனும் வெள்ளியும் நடுவத்துக்கு விடுமுறை. சனிக்கிழமை துக்க நாள், அதுவும் விடுமுறை. வியாழக்கிழமை பாதம் வீங்கியது. வெள்ளிக்கிழமை மர்ஜான் கூண்டுக் கம்பியைக் கடித்துக் கோரைப்பல்லை உடைத்துக்கொண்டது. இஞ்சினியர் கல்பாஸிக்குச் செய்தி அனுப்பினேன். ‘பல்லுக்குத் தனிப் படிவம் உண்டு. அச்சில் இருக்கிறது’ என்றார். சனிக்கிழமை அது தண்ணீர் குடிக்கவில்லை. பாதத்திலிருந்து நாற்றம் வந்தது. டாக்டர் மஹ்லகா தினமும் இரண்டு தடவை தன் வண்டியில் வந்தார். கம்பி வழியாக ஊசி போட்டார். என்னோடு பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு ஐந்து கார்கள் வந்தன.

"என் கல்யாணத்துக்கே மூணு கார்தான்" என்றான் நோவ்ரூஸ்.

டாக்டர் முஷீர்நெஜாத் இறங்கினார். இஞ்சினியர் கல்பாஸி வெல்வெட் பெட்டியோடு இறங்கினார். மாகாண நிர்வாகத்தின் சார்பில் ஹாஜி ஸோலத்தி ஜெபமாலையோடு இறங்கினார்; எல்லாருக்கும் அவர் ‘ஹாஜி ஆகா’, அதாவது ஹாஜி ஐயா. பிறகு எக்ஸ்ரே இயந்திரம், படம் பிடிக்கிறவர்கள், துப்பாக்கியோடு ஒரு போலீஸ்காரர், ஒரு பதாகை. பதாகையில் ஆப்பிரிக்கச் சிவிங்கிப்புலியின் படம் இருந்தது. அதன் கீழே ‘ஒவ்வோர் எலும்பும் நமக்கு முக்கியம்’ என்று எழுதியிருந்தது.

முதலில் தேநீர். அடுத்து மதிய உணவு. அதற்குப் பிறகு ஹாஜி ஸோலத்தி இரண்டு வார்த்தை பேசினார். இருபது நிமிடம்.

"உலகத்துல பெரிய பெரிய நாடெல்லாம் சிறுத்தையைக் காப்பாத்தறோம்னு சொல்லிக்கிறான். ஒரு சிறுத்தைக்கு எத்தனை எண் வெச்சிருக்கான் அவன்? முப்பது! நாம அறுபத்திரண்டு. நாளைக்கு இந்த மலையில ஒரு சிறுத்தைகூட இல்லாமப் போகலாம். கடவுள் காப்பாத்தட்டும். ஆனா நம்ம அலமாரியில அது முழுசா இருக்கும்."

படம் பிடித்தார்கள்.

கூண்டு பின்பக்கத் தொழுவத்தில் இருந்தது. மண்சுவர், முன்னால் ஒரு குறுகிய கதவு, பின்னால் ஆடுகளை வண்டியில் ஏற்ற ஒரு தகரத் தடுப்பு. டாக்டர் மஹ்லகா மயக்க ஊசி போட்டார். கண்ணைத் துணியால் மூடி, மேசை மேல் கிடத்தினோம்.

"நாற்பத்தஞ்சு நிமிஷம்" என்றார் அவர். "அதுக்கு மேல ஒரு நிமிஷம் கிடையாது. இதோட உடம்புல தெம்பு ஒண்ணும் இல்லை."

இஞ்சினியர் கல்பாஸி வெல்வெட் பெட்டியைத் திறந்தார். அளவி பளபளத்தது. அதை இரண்டு கையாலும் எடுத்து இயக்குநரிடம் நீட்டினார்.

"டாக்டர், முதல் அளவு உங்க கையால."

"ஐயோ, ஹாஜி ஆகா இருக்கும்போது நானா? ஹாஜி ஆகா, நீங்க."

"என்ன டாக்டர் இது! அறிவாளிகள் முன்னாடி நான் யாரு? உங்க கால்தூசி."

"நான்தான் உங்க கால்தூசி. சத்தியமா மாட்டேன்."

"உங்க நிழல்ல நிக்கிறவன் நான். நீங்க ஆரம்பிச்சாத்தான் எனக்குப் பாக்கியம்."

"அப்ப இஞ்சினியர் ஆரம்பிக்கட்டும். சின்னவர்."

"உங்க ரெண்டு பேருக்கும் முன்னாடி நானா? என் கை உடைஞ்சு போகட்டும்!"

எங்கள் நாட்டில் இதை யாரும் அவசரப்படுத்த முடியாது. முதல் தடவையிலேயே சரி என்று வாங்குகிறவன் மரியாதை தெரியாதவன். மூன்று தடவையாவது மறுக்க வேண்டும். இங்கே மூன்று பேர். மூவருமே மரியாதை தெரிந்தவர்கள். அளவி கை மாறிக்கொண்டே இருந்தது. பன்னிரண்டு நிமிடம் போனது.

"தூசியெல்லாம் கொஞ்சம் ஓரமா நிக்கறீங்களா?" என்றார் டாக்டர் மஹ்லகா. "இங்கே ஒரு மிருகம் படுத்திருக்கு."

கடைசியில் மூவரும் சேர்ந்து பிடித்துக்கொண்டார்கள். ஆறு கைகளால் மர்ஜானின் மண்டையோட்டு நீளம் அளக்கப்பட்டது. படம் சரியாக வரவில்லை என்று மறுபடியும் அளந்தார்கள். இரண்டு தடவைக்கும் நான்கு மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தது.

"பெரியதை எழுதுங்க. வளர்ச்சி தெரியும்" என்றார் டாக்டர் முஷீர்நெஜாத்.

நான் படிவத்தில் எழுதினேன். அந்த வேலை என்னுடையது. தாடை, கழுத்து முள்ளெலும்புகள், வலது தோள், வலது முன்கை. எக்ஸ்ரே எடுத்தார்கள். இதயம் எட்டரை முள்ளெலும்பு.

"இயல்பு!" என்றார் இயக்குநர்.

எழுதினேன்.

அடுத்தது இடது முன்கால். அளவியின் வாய் அதற்கு மேல் போகவில்லை. மணிக்கட்டு என் தொடை அளவுக்கு இருந்தது. இஞ்சினியர் கல்பாஸி மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டு தடவை முயன்றார்.

"டாக்டர், இது அளவிக்குள்ள வரமாட்டேங்குது."

இயக்குநர் யோசித்தார். "வலது எவ்வளவு?"

"இருநூத்திப் பதினாலு."

"இடதும் அதுதான். ரெண்டு பக்கமும் சமமா இருக்கணும்ங்கிறது இயற்கையோட விதி. அந்த விதியை மாத்த நமக்கு அதிகாரம் இல்லை."

டாக்டர் மஹ்லகா என் கையைப் பிடித்தார். எழுதும் கை.

"இந்தக் கால் அழுகிட்டிருக்கு, டாக்டர். உங்க விதிகிட்டச் சொல்லுங்க. இப்பவே மஷ்ஹத்துக்குக் கொண்டுபோனா பாதத்தோட போகும். உயிர் நிக்கும். அஞ்சு கார் வந்திருக்கு. ஒண்ணு குடுங்க, போதும்."

"டாக்டர் அம்மா, உங்க கண்ணுக்கு ஒளி கிடைக்கட்டும், நல்ல மனசு உங்களுக்கு. ஆனா நீங்க சொல்றது சதை. நாங்க எலும்பு. மென்திசுவுக்கு வேற துறை அமைக்கறதா இருக்காங்க. அவங்களுக்கு ஒரு கடிதம் எழுதுங்க. நானே சிபாரிசு பண்றேன்."

"அதுவரைக்கும் இது என்ன பண்ணும்?"

"படிவத்துல அது நல்லாத்தான் இருக்கு" என்றார் இயக்குநர். குரலில் உண்மையான ஆறுதல் இருந்தது.

நாற்பத்தோராவது அளவில் நாற்பத்து நான்கு நிமிடம் ஆகியிருந்தது.

"நிறுத்துங்க. கூண்டுக்குள்ள தூக்குங்க" என்றார் டாக்டர் மஹ்லகா.

"இன்னும் இருபத்தோரு அளவு இருக்கு, அம்மா. இன்னொரு ஊசி போடுங்க."

"போட்டா இதயம் நின்னுடும்."

"எப்படி நிக்கும்? இதயம் இயல்புன்னு இப்பதானே எழுதினோம்?"

யாரும் சிரிக்கவில்லை. அவர் நகைச்சுவைக்காகச் சொல்லவில்லை.

டாக்டர் மஹ்லகா ஊசியைப் பையில் வைத்து மூடினார். நானும் நோவ்ரூஸும் மர்ஜானின் தோளுக்குக் கீழே கை கொடுத்தோம். "தொடாதீங்க! அளவு பாதியில இருக்கு!" என்று இஞ்சினியர் கல்பாஸி குறுக்கே வந்து நின்றார். வாலின் ஆறாவது முள்ளெலும்பைப் பிடித்திருந்தார். அந்த வால் அவர் கையில் அசைந்தது.

பிறகு காது அசைந்தது. பிறகு துணி நழுவியது.

தொழுவத்தில் இருந்த பெரியவர்கள் எல்லாரும் கதவை நோக்கி ஓடினார்கள். முதலில் போய்ச் சேர்ந்தவர்கள் இரண்டு பேர். கதவு ஓர் ஆள் அகலம். இயக்குநர் கதவில் கையை வைத்தார். பக்கத்தில் ஹாஜி ஸோலத்தி இருப்பதைப் பார்த்தார். நின்றார்.

"ஹாஜி ஆகா, நீங்க முதல்ல."

"அது எப்படி? டாக்டர், நீங்க."

"சத்தியமா முடியாது. வயசுல பெரியவர் நீங்க."

"பதவியில நீங்க. தயவு செஞ்சு!"

"உங்களுக்கு முதுகைக் காட்டிட்டு நான் போறதா?"

குரல்கள் நடுங்கின. ஆனால் யாரும் தவறவில்லை. ஒரு சொல் கூட விடுபடவில்லை. அவர்களுக்குப் பின்னால் இஞ்சினியர் கல்பாஸி, பின்னால் படம் பிடிக்கிறவர்கள், அவர்களுக்கும் பின்னால் போலீஸ்காரர். அவர் வெளியே போக வழியில்லை என்று கண்டு, திரும்பித் துப்பாக்கியைத் தூக்கினார். மர்ஜான் மேசையிலிருந்து கீழே விழுந்து எழுந்து நின்றது. மூன்று காலில்.

கூண்டுக்குள் அதை இனிமேல் யாரும் தூக்க முடியாது. மஷ்ஹத் கிடையாது. துப்பாக்கி இருந்தது. நான் பின்னால் போய்த் தகரத் தடுப்பைத் தூக்கினேன்.

வெளிச்சம் உள்ளே வந்தது. மர்ஜான் என்னைத் தாண்டிப் போனது. என் முழங்காலில் அதன் ரோமம் பட்டது. சரிவில் ஏறி, இரண்டு தடவை விழுந்து, ஜூனிபர் மரங்களுக்குள் மறைந்தது.

கதவில் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"விலங்கு போயிடுச்சு, ஹாஜி ஆகா" என்றான் நோவ்ரூஸ். "இனிமே நிதானமா மரியாதை பண்ணிக்கலாம்."

இரண்டு வாரத்தில் இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று பாராட்டு. ஸர்தகூவில் அறுபத்திரண்டு அளவுகளும் முழுமையாக எடுக்கப்பட்டன. விடுபட்ட இருபத்தொன்று அட்டவணையின் சராசரியிலிருந்து நிரப்பப்பட்டன. விலங்கு நலம். இன்னொன்று குற்றப்பத்திரிகை. இயக்குநர் கையெழுத்திடும் முன்பே தடுப்பைத் திறந்த காவலர் விளக்கம் தர வேண்டும். விளக்கம் தந்தேன். ஓராண்டுக்குச் சம்பள உயர்வு நிறுத்தம்.

டாக்டர் மஹ்லகா மலையில் பத்து இடத்தில் மருந்து வைத்த இறைச்சியைப் போட்டார். இறைச்சி மூட்டையை என்னைத் தூக்கச் சொன்னார். தூக்கினேன். நரிகள் தின்றன.

ஆஸர் மாதத்தில் முதல் பனி விழுந்தது. மூன்றாம் நாள் நோவ்ரூஸ் மேலேயிருந்து கை காட்டினான். ஒரு பாறை இடுக்கில் மர்ஜான் படுத்திருந்தது. அதன் வயிற்றுக்கும் முதுகுக்கும் இடையே ஒன்றும் இல்லை. இடது பாதமே இல்லை. அதுவே கடித்து எடுத்திருந்தது. ஒரு சிறுத்தைக்கு முன்கால் ஒன்று போனால் ஆட்டைப் பிடித்து நிறுத்த முடியாது. பட்டினி. லாடப் புள்ளியைத் துடைத்துப் பார்த்தேன். வேறு சிறுத்தையாக இருக்கும் என்று நினைக்க நான் ஆசைப்பட்டேன். இல்லை.

நோவ்ரூஸ் தொப்பியைக் கழற்றினான். "புதன்கிழமையே விட்டிருந்தா..." என்று ஆரம்பித்தான். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

இறப்பைத் தெரிவித்தேன். நடுவம் இடது முன்கால் எலும்பைக் கேட்டது. அனுப்பினேன். இஞ்சினியர் கல்பாஸி போனில் அழைத்தார். சந்தோஷமாக இருந்தார்.

"அன்பு ரூஸ்பே, கவலையே வேண்டாம். நீங்க அனுப்பினது மர்ஜான் இல்லை."

"புள்ளியைப் பார்த்தேன், இஞ்சினியர்."

"புள்ளி தோல். நாங்க தோலைப் பார்க்கறதில்லை. எங்க பதிவுல மர்ஜானோட இடது முன்கை இருநூத்திப் பதினாலு. நீங்க அனுப்பினது நூத்தித் தொண்ணூத்தாறு, அதுவும் நுனி அரிச்சு அழுகினது. ஒத்துப் போகலை. இது ஏதோ பதிவில்லாத விலங்கு. எல்லை தாண்டி வந்திருக்கும். மர்ஜான் நல்லா இருக்கு."

"எங்கே இருக்கு?"

"அதைக் கண்டுபிடிக்கறதுதானே உங்க வேலை?" என்றார். சிரித்தார். "நன்றி, உங்க கை வலிக்காம இருக்கட்டும். வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?"

"சௌக்கியம்" என்றேன். அப்படித்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் வருடத்தின் கடைசி மாதமான இஸ்ஃபந்தில் நினைவூட்டல் வந்தது. மர்ஜானின் வருடாந்திர மறு அளவீடு நெருங்குகிறது. தூதுக்குழு இந்த முறை வர இயலாது. பயிற்சி பெற்ற காவலரே அளந்து அனுப்பலாம். அனுப்பத் தவறினால் விலங்கைத் தொலைத்ததற்கு அவரே பொறுப்பு.

படிவத்தை மேசை மேல் விரித்தேன். அறுபத்திரண்டு கட்டங்கள். மர்ஜானின் காலிலிருந்து அறுத்த கம்பி இழுப்பறையில் இருந்தது. நடுவம் அனுப்பிய வெர்னியரை எடுத்து அளந்தேன். இரண்டரை மில்லிமீட்டர்.

முதல் கட்டம், மண்டையோட்டு நீளம். இரண்டரை என்று எழுதினேன். தாடை, இரண்டரை. வலது முன்கை, இரண்டரை. இடது முன்கை, இரண்டரை. தொடையெலும்பு, விலா, வால் நுனி, எல்லாவற்றுக்கும் அதையே எழுதினேன். இதயம் எத்தனை முள்ளெலும்பு என்று கேட்டிருந்தது. அங்கேயும் இரண்டரை. கையெழுத்துப் போட்டேன். பதிவுத் தபாலில் அனுப்பினேன். யாராவது ஒருவர் படித்துவிட்டுப் போனில் கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தினால் திருப்பிக் கத்துவதற்கு என்னிடம் நிறைய இருந்தது. ஒன்றரை வருடமாகச் சேர்ந்திருந்தது.

பதினோராம் நாள் பதில் வந்தது. முத்திரை, மூன்று கையெழுத்து. ‘அளவுகள் இயல்பு. விலங்கு நலம். ஒத்துழைப்புக்கு நன்றி.’

இரண்டு தடவை படித்தேன். பரஸ்தூவின் நெஞ்சுப் படம் இருக்கும் உறையை எடுத்து, அதற்குள் வைத்தேன். உறையின் மேல் எழுத வேண்டியது ஒன்றும் இல்லை. ஏற்கெனவே எழுதியிருந்தது.

வெளியே டாக்டர் மஹ்லகாவின் வண்டி ஹார்ன் அடித்தது. குளம்பு வெட்டும் பெரிய கத்தரி இரண்டை மடியில் வைத்திருந்தார். நோவ்ரூஸ் பின்னால் ஏறியிருந்தான்.

"வர்றியா, இல்லை கடிதம் ஏதாவது எழுத வேண்டியிருக்கா?" என்றார் டாக்டர். அந்தப் புதன்கிழமைக்குப் பிறகு வேலை விஷயம் இல்லாமல் அவர் என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

அன்று மாலைக்குள் இருபத்தேழு கண்ணி வெட்டினோம். எதையும் அளக்கவில்லை.